செம்மண் குழியும் சிறகினங்களும்

பறவைகளைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் விடியற்காலையில் எழுந்து, ஊருக்கு வெளியே மண் தோண்டிப்போட்ட குழியொன்றின் கரையில் போய் அமர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் வாசக நேயர்கள் பலர் புன்முறுவல் பூப்பார்கள். பிழைப்பற்றவர் செய்யும் வேலை என்றும் சிலர் கருதக்கூடும். நாமும் நெடுங்காலம் அவ்வாறு கருதியவர்களே. அது மட்டுமன்று, அந்தக் குழியின் பக்கம் முகம் திருப்பாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் இன்று சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பாமல் பள்ளிவாசலிலிருந்து நேரே அந்தக் குழிக்கரைக்குச் செல்லும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நமது ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. புதுக்கோட்டை நகரிலிருந்து கிழக்கே வருகிறவர்கள் சாலையின் இருமருங்கிலும் மண்ணின் நிறம் சிவந்துகொண்டே வருவதைக் காண்பார்கள். மேலே செம்மண், சற்றுத் தோண்டினால் சரளை கலந்த மண், அதற்கும் கீழே செம்புராங்கல். இரும்புச் சத்து மிகுந்த இந்தக் கல், மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்டுவதற்கு இணங்கும்; காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடும். பிரான்சிஸ் புக்கானன் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அறிஞர் மலபார்ப் பகுதியில் இக்கல்லைக் கண்டு, 1807-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். நம்மவர்களுக்கோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதன் பயன் தெரியும். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு தமிழக அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கோட்டையும் அகழியுமாகப் பண்டைய மக்கள் வாழ்ந்த இடம் அது. ஆக, இந்த மண்ணைத் தோண்டுவது இன்று நேற்றுத் தொடங்கிய தொழிலன்று.

ஆனால் லாரி வந்தபிறகு தோண்டுவதன் அளவு மாறிப்போயிற்று. சாலை போடவும், வீட்டுத் தரை நிரப்பவும் ‘கிராவல்’ வேண்டும் என்று நாலாபுறமிருந்தும் வந்து கேட்டார்கள். ஊருக்குக் கிழக்கே நமது குடும்பத்துக்கு ஒரு மேட்டு நிலம் இருந்தது. கடலை விதைத்தால் விதைத்த அளவுகூடத் திரும்பாத சரளைக் காடு. 1978-ஆம் ஆண்டு வாக்கில் நம் அத்தா அதைக் கிராவலுக்கு விட்டார்கள். ஆரம்பத்தில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் தோண்டினார்கள். பின்னர்ப் பொக்லைன் வந்தது. பத்து ஆண்டுகளில், ஏறக்குறைய இரண்டு ஏக்கர் பரப்பில், மூன்று ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் உண்டாகிவிட்டது. நமது வீட்டின் மாடி அந்த மண்ணின் விலை. நமது தங்கையின் திருமணச் செலவும் அந்த மண்ணின் விலையே. இதை மறைக்க விரும்பவில்லை.

தோண்டிய குழியை யாரும் சரிவாக விடுவதில்லை. எல்லைவரை மண் எடுத்தால்தானே ஒரு நடை கூடுதலாகக் கிடைக்கும்? எனவே நான்கு பக்கமும் சுவர்போல் செங்குத்தாக நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நிரம்பும். அடியிலுள்ள களிமண் நீரை எளிதில் உள்ளே விடாது. பங்குனி வரையில் தண்ணீர் நிற்கும். தோண்டிய இடத்தில் தானாக ஒரு குளம் பிறந்துவிட்டது என்று ஊரார் மகிழ்ந்தார்கள். கண்மாய்க்கு மழைநீர் வந்து சேரும் முன்பே இக்குழிக்கு நீர் வந்துவிடும். ஆடு மாடுகளுக்கு ஆகும் என்றார்கள். செங்குத்தான கரையில் ஆடு மாடு இறங்க முடியாது என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1989-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் நமது சின்னத்தாவின் மகன் அந்தக் குழியில் இறந்துபோனான். ஒன்பது வயது. திருமணமாகிப் பத்து ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அன்று வெள்ளிக்கிழமை, ஓதும் பள்ளிக்கு விடுமுறை. மாலையில் நான்கைந்து சிறுவர்களாகப் போயிருக்கிறார்கள். குழியில் முக்குளிப்பான் ஒன்று நீந்திக்கொண்டிருந்ததாம். அது மூழ்குவதும், எதிர்பாராத வேறோர் இடத்தில் எழுவதுமாக இருந்திருக்கிறது. “அடுத்து எந்த இடத்தில் எழும்?” என்று பிள்ளைகள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இவன் அதைப் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் குதித்தானாம். முக்குளிப்பான் எழுந்தது. பிள்ளை எழவில்லை என்று மற்றச் சிறுவர்கள் அழுதுகொண்டே வந்து சொன்னார்கள்.

வெளியூரில் ஆசிரியப் பணியிலிருந்த நமக்குச் செய்தி கிடைத்து வந்து சேர்ந்தபோது மறுநாள் காலையாகிவிட்டது. அடக்கத்தலத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அதே செம்மண். ஆதமுடைய இரு புதல்வரில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டுச் செய்வதறியாது நின்றபோது, மண்ணைக் கீறிக் காட்ட இறைவன் ஒரு காகத்தை அனுப்பிய வரலாறு திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. உடலை மண்ணில் மறைக்க மனிதனுக்குக் கற்றுக்கொடுத்ததே ஒரு பறவைதான். அன்று அந்தச் சிறிய கபுறின் அருகில் நின்றபோது நமக்கு இந்த வரலாறே நினைவுக்கு வந்தது. தம்பியின் பிள்ளையைத் தாம் தோண்டிய குழிக்கே கொடுத்துவிட்டு நம் அத்தா நின்ற நிலையை எழுத்தில் கொண்டுவர நம்மால் இயலாது.

அத்தா அந்த வாரமே மண் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அவர்கள் மறையும்வரை அந்த நிலத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. சின்னத்தாவும் பேசவில்லை. சின்னம்மா மட்டும் மழைக்காலத்து இரவுகளில் சன்னலைச் சாத்திவிடுவார்கள். முக்குளிப்பானின் குரலை வாசகர்கள் கேட்டிருக்கலாம். குதிரை கனைப்பதுபோல நீண்டு அதிர்ந்து அடங்கும் குரல் அது. ஈரக்காற்று வீசும் இரவுகளில் அது நமது வீடு வரைக்கும் கேட்கும்.

ஆண்டுகள் கடந்தன. அத்தாவும் சின்னத்தாவும் இறைவனடி சேர்ந்தார்கள். நாம் பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பினோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியலுக்கு முன் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நமது பகுதியின் தென்னந்தோப்புகளையும் பலா மரங்களையும் ஓரிரவில் படுக்க வைத்துவிட்டது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்து விவசாயிகள் பட்ட துன்பத்தைத் தமிழகம் முழுதும் அறியும். நமக்கிருந்த சிறு தென்னந்தோப்பும் போயிற்று. வருவாய் சுருங்கியது. இந்த நிலையில்தான் தரகர் ஒருவர் வந்து, “அந்தக் குழியைக் கொடுத்துவிடுங்கள். நாங்களே தூர்த்து மனைகளாகப் போட்டுக்கொள்கிறோம்” என்று நல்லதொரு விலை சொன்னார். நமக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. பணம் ஒரு காரணம். அந்தக் குழி கண்ணில் படாமல் ஒழியும் என்பது மற்றொரு காரணம்.

பத்திரம் எழுதுவதற்கு முன்னால் 2022-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை வந்தது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் படித்துவந்த மகள் வழிப் பேரன், கழுத்தில் ஒரு தொலைநோக்கியுடன் வந்து இறங்கினான். பொங்கலை ஒட்டிய நாள்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் தத்தம் ஊர்ப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்றும், 2015 முதல் இது நடந்துவருகிறது என்றும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மறுநாள் காலையில், “நன்னா, நம்ம குழியிலே இருபத்தொரு வகைப் பறவை இருக்கு. நீங்க வந்து பாக்கணும்” என்றான். பிள்ளைக்குப் பழைய சம்பவம் தெரியாது. தெரியாதவனிடம் என்ன காரணம் சொல்லி மறுப்பது? வேண்டா வெறுப்பாக உடன் சென்றோம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கரையில் நின்றோம். கரைமேடெங்கும் கருவேலம் புதராக மண்டியிருந்தது. மழைக்காலத்துச் செந்நிறக் கலங்கல் தெளிந்து, மார்கழிப் பனிக்குக் கீழே நீர் அசையாமல் கிடந்தது. பேரன் தொலைநோக்கியை நம் கையில் தந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். நீரின் நடுவே தாழைக்கோழி தன் சிவந்த மூக்கை ஆட்டி ஆட்டி நீந்தியது. காய்ந்த கிளையொன்றில் நீர்க்காகம் இறகுகளை விரித்து உலர்த்தியது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுவதுபோல நீரில் விழுந்து எழுந்தது. வடக்கே குளிர் மிகுந்த நாடுகளிலிருந்து வந்த தகைவிலான்கள் நீர்மட்டத்தை உரசிப் பறந்தன. உருது பேசுவோர் ‘அபாபீல்’ என்று வழங்குவது இந்தத் தகைவிலானையே. கரைமேட்டில் கொண்டை விரித்துத் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது ஒரு கொண்டலாத்தி. நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டு அரசியின் செய்தியைக் கொண்டுவந்த ‘ஹுத்ஹுத்’ இதுதான் என்று பேரனுக்கு நாம் சொன்னோம். அன்று அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்தது அது ஒன்றே. மற்றவற்றை அவன்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தான்.

எதிர்ச்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் தென்பட்டன. பச்சைப் பஞ்சுருட்டான் இத்தகைய மண்சுவரைக் குடைந்து, உள்ளே ஒரு முழத்துக்கும் மேல் வளை தோண்டி முட்டையிடும் என்றான். கடப்பாரை பட்டு நின்ற சுவர் அதற்கு வீடாகியிருந்தது. பிறகு முக்குளிப்பானும் வந்தது. நாம் தொலைநோக்கியை இறக்கிவிட்டோம். பேரன் ஏதும் புரியாமல் பார்த்தான். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னோம். இளைஞன் நெடுநேரம் மௌனமாக இருந்தான்.

பறவை பார்க்கும் பழக்கம் நம் சமுதாயத்துக்குப் புதியது என்று யாரேனும் எண்ணினால் அவர்கள் சாலிம் அலியை மறந்தவர்கள் ஆவார்கள். 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அவர். பெற்றோரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டாகத் தோன்றவில்லையே, இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்னும் ஐயத்தோடு மாமனிடம் கொண்டுபோனார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். அவர் பறவையின் பெயரைச் சொன்னதோடு, கழகம் சேகரித்துப் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். ஹலாலா என்று கேட்கப்போன சிறுவன் இந்தியப் பறவையியலின் தந்தையாகத் திரும்பிவந்தான் என்று சொல்லிவிடலாம்.

இளமையில் அவர் பர்மாவின் தவாய்க்குச் சென்றது, குடும்பத்தாரின் வுல்ஃப்ரம் கனிமச் சுரங்கத் தொழிலைக் கவனிப்பதற்காக. மண்ணைத் தோண்டும் தொழிலுக்குப் போன இடத்திலும் அவர் மனம் அங்கிருந்த காட்டுப் பறவைகளிடமே சென்றது. 1930-ஆம் ஆண்டில், வேலையின்றி இருந்த நாளில், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளின் குடும்ப வாழ்க்கையை நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியைக் கட்டி முடிக்கும் என்பதை உலகுக்குச் சொன்னவர் அவர். 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றளவும் பதிப்புக் கண்டுவருகிறது. 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்று, 1987-ல் மறைந்தார். நமக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள கோடியக்கரைக்கும் பலமுறை வந்தவர். வலசை வரும் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராயும் பணி அங்கு அவருடைய கழகத்தாரால் நடத்தப்பெற்றது.

இவற்றையெல்லாம் பேரன் தந்த நூல்களில் படித்தபோது, நமது மனத்தில் ஒரு போராட்டம் தொடங்கியது. குழியைத் தூர்த்தால் பறவைகள் போய்விடும். தூர்க்காமல் விட்டால் மற்றொரு வீட்டுப் பிள்ளை போய்விடக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் இத்தகைய குழிகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நாளிதழ்களில் நாம் படிக்காமல் இருப்பதில்லை. ஓர் உயிரின் முன்னால் இருபத்தொரு வகைப் பறவை எம்மாத்திரம்? பேரனிடம் இப்படித்தான் கேட்டோம். அவன் சற்று யோசித்துவிட்டு, இங்கிலாந்து நாட்டில் நடந்த ஒன்றைச் சொன்னான்.

அந்நாட்டில் சாலைக்கும் கட்டடத்துக்குமாகச் சரளை தோண்டிய பள்ளங்கள் ஏராளம். கென்ட் மாவட்டத்துச் செவனோக்ஸ் என்னும் ஊரில் அப்படியொரு பள்ளத்தை 1956-ஆம் ஆண்டு முதல் ஜெஃப்ரி ஹாரிசன் என்னும் மருத்துவர் தம் நண்பர்களுடன் சேர்ந்து பறவைகளுக்கு ஏற்றதாக மாற்றினாராம். மரஞ்செடிகளை நட்டார்கள், நடுவில் திட்டுகள் அமைத்தார்கள், செங்குத்தான கரைகளைத் தணித்துச் சரிவாக்கினார்கள். நாட்டிங்காம் அருகே 1929 முதல் சரளை தோண்டப்பட்ட அட்டன்பரோ என்னும் இடம் 1966-ல் இயற்கைக் காப்பிடமாகத் திறக்கப்பெற்றது. பட்டாணி உப்புக்கொத்தி என்று ஒரு சிறு பறவை உண்டு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் போட்டிருக்கும். 1938-ல்தான் அது முதன்முதலாக அந்நாட்டில் கூடு வைத்ததாம். பின்னர்ச் சரளைப் பள்ளங்களின் வழியாகவே நாடெங்கும் பரவிற்று. வெறும் கூழாங்கற்களுக்கு நடுவே கல்லோடு கல்லாகத் தோன்றும் முட்டைகளை இடும் பறவை அது. அதே இனம் நமது நாட்டிலும் உண்டு.

“அப்படியானால் நம் குழிக்கு அது ஏன் வரவில்லை?” என்று கேட்டோம்.

“நிக்க இடமில்லையே, நன்னா” என்றான்.

பிறகுதான் விளங்கியது. நமது குழியில் நாம் கண்டவை பெரும்பாலும் ஆழத்தில் நீந்துபவை, மேலிருந்து பாய்பவை, சுவரைக் குடைபவை. உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி போன்றவை ஓரத்துச் சேற்றில் நடந்து இரைதேடுபவை. அவற்றுக்கு விரற்கடை ஆழமும், மிஞ்சினால் ஒரு சாண் ஆழமும் போதும். நமது குழியில் கரை முடிந்த இடத்திலேயே மூன்று ஆள் ஆழம் தொடங்கிவிடுகிறது.

இந்தச் செய்தியை வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது சொன்னோம். குடும்பத்துச் சொத்தாகையால் எல்லாருடைய சம்மதமும் தேவை. தம்பிமார் தூர்ப்பதையே விரும்பினார்கள். ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும், மதரஸாவின் ஹஜ்ரத்தும் வந்திருந்தார்கள். பயணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்ன நிகழ்ச்சியை ஹஜ்ரத் நினைவூட்டினார். பின், “பறவைக்கே அப்படியென்றால் பிள்ளைக்கு எப்படி? பெற்ற தாய் இங்கே இருக்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள்” என்று முடித்துவிட்டார்.

சின்னம்மா உள்கட்டில், வாயிற்படிக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டிய வயது. இந்தப் பேச்சை அவர்கள் காதில் விழும்படி நடத்தியதே தவறு என்று நமக்குக் கூச்சமாக இருந்தது. தூர்த்துவிடுங்கள் என்று சொல்வார்கள் என்றே எதிர்பார்த்தோம். சொன்னால் அன்றே தரகருக்கு வாக்குக் கொடுத்துவிடவும் தீர்மானித்திருந்தோம்.

“தம்பி, அவன் நீந்தத் தெரிஞ்ச பிள்ளை” என்றார்கள் சின்னம்மா. “அவங்க அத்தா கண்மாயிலே கத்துக் கொடுத்திருந்தாங்க. குளிப்பாட்டும்போது நான் கையைப் பாத்தேன். பத்து நகத்துக்குள்ளேயும் செம்மண் இருந்துச்சு. கரைக்கு வந்துட்டான், தம்பி. ஏறத்தான் இடமில்லே.”

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் இதை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. சின்னத்தாவிடம்கூடச் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. சொன்னால் நம் அத்தாவைக் குற்றம் சாட்டியதாகிவிடும் என்று அஞ்சியிருக்கிறார்கள்.

“இதை மூடினா இன்னொரு இடத்திலே தோண்டித்தான் மண்ணைக் கொண்டாந்து கொட்டுவாங்க. அங்கே ஒரு குழி ஆகும்; அங்கேயும் பிள்ளைங்க இருக்கும். இதை மூட வேணாம். இறங்குனவன் ஏறி வர ஒரு வழி பண்ணுங்க. அது போதும்” என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு ஒளூச் செய்ய எழுந்து போய்விட்டார்கள்.

தரகரிடம் இல்லை என்று சொல்லிவிட்டோம். அந்தப் பணம் வராததால் நேர்ந்த சங்கடங்கள் சில இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு வைகாசியில், நீர் வற்றிக் கிடந்தபோது, பொக்லைன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். மேற்குக் கரை முழுவதையும் வெட்டி, அந்த மண்ணைக் குழிக்குள்ளேயே தள்ளி, ஐந்தடி நடந்தால் ஓரடி இறங்கும்படி சரிவாக்கினோம். பேரனின் யோசனைப்படி, பஞ்சுருட்டான் வளை வைத்திருந்த கிழக்குச் சுவரைத் தொடவில்லை. அதன் மேல்விளிம்பில் மட்டும் செம்புராங்கல் தூண்கள் நட்டு முள்வேலி போட்டோம். தம்பிமார் செலவில் பங்கு கொண்டார்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று ஜும்ஆவில் அறிவிக்க ஹஜ்ரத் ஒப்புக்கொண்டார். சரிவு வைத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று யாரும் எண்ணிவிடலாகாது. நீர் எப்போதும் நீர்தான்.

அவ்வாண்டு மழையில் புதிய கரை அங்கங்கே அரித்துப் போயிற்று. நீரும் தை மாதம் வரை கலங்கலாகவே இருந்தது. பழைய பறவைகளில் சிலகூட வரவில்லை. வீணாகச் செலவு செய்துவிட்டோமோ என்று தம்பிமார் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டு அறுகும் கோரையும் சரிவில் வேர்பிடித்தன. மார்கழியில் ஒரு நாள் சுபுஹுக்குப் பின் சென்றபோது, சரிவின் ஈர விளிம்பில் உருண்டோடும் கூழாங்கல்போல ஏதோ ஒன்று ஓடியது, நின்றது, கொத்தியது, மறுபடி ஓடியது. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தோம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். நான்கு பட்டாணி உப்புக்கொத்திகள். சற்றுத் தள்ளிப் பொறி உள்ளான்கள் இரண்டு, பவளக்காலி ஒன்று. அதே சரிவில், ஒரு கீதாரியின் ஆடுகள் இறங்கி நீர் குடித்துக்கொண்டிருந்தன. ஆடு மாடுகளுக்கு ஆகும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஊரார் சொன்னது அன்றுதான் உண்மையாயிற்று.

ஒரு பிள்ளை ஏறி வருவதற்கு என்ன வேண்டுமோ, அதுவேதான் ஒரு பறவை நிற்பதற்கும் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தி நாம் பல நாள் தூக்கமின்றித் தவித்தது எவ்வளவு அறியாமை! உண்மையில் இரண்டையும் ஒருங்கே மறுத்தது, கடைசி நடை மண்ணையும் விடக் கூடாது என்ற நமது பேராசையே. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்த தாமரைத் தடாகம் ஒன்று உண்டு. அதில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் மலர் பறிக்கும் மனிதரும் ஒரே நீரில் இருப்பார்கள். இதே புதுக்கோட்டைச் சீமைக்காரர்கள்தாம் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நீர்நிலை என்றால் எல்லாரும் இறங்கி ஏறுவதற்கு உரியது என்பது நமக்குத் தெரியாத செய்தியன்று, மறந்துபோன செய்தி.

சின்னம்மா இதுவரை ஒரே ஒரு முறைதான் அங்கு வந்தார்கள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கி, நீர் விளிம்புக்குச் சென்று, குனிந்து கையை நனைத்துக்கொண்டு, திரும்பி ஏறி வந்தார்கள். நடுவில் முக்குளிப்பான் மூழ்கியது. எங்கே எழும் என்று நாங்கள் மூவருமே பார்த்துக்கொண்டிருந்தோம். அது வெகு தூரம் தள்ளி எழுந்தது. சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவர்கள் அறையின் சன்னல் திறந்தே இருந்தது.

வாசக நேயர்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய குழி ஒன்று இருக்கும். சாலைக்காகவோ, செங்கல் சூளைக்காகவோ, உங்கள் வீட்டுத் தரைக்காகவோ தோண்டப்பட்டிருக்கும். அடுத்த மழைக்கு முன் ஒரு நாள் அதன் கரைக்குச் சென்று பாருங்கள். முதலில் பறவைகளைத் தேட வேண்டாம். ஒரு சிறுவன் தவறி விழுந்தால் எந்த இடத்தில் ஏறி வருவான் என்று மட்டும் பாருங்கள். அப்படியோர் இடம் இல்லையென்றால், நிலத்துக்கு உரியவரிடம் சொல்லுங்கள். உரியவர் நீங்களே என்றால் கோடையிலேயே வெட்டிச் சரித்துவிடுங்கள். பறவைகளை யாரும் அழைக்க வேண்டியதில்லை. நிற்க இடம் இருக்கிறது என்று கண்டால் அவை தாமே வரும்.